நரி திரும்பிப் பார்க்கும் ஷாட்

வாத்து கடிக்கும். இது பலருக்குத் தெரியாது. கொத்தும் என்று நினைக்கிறார்கள். கொத்தாது, சதையைப் பிடித்து முறுக்கும். முழங்கைக்கு மேலே பாருங்கள், இன்னும் தழும்பு போகவில்லை. நரி என்னை ஒருநாளும் கடித்ததில்லை. அது என் உயிரை வேறு விதமாக வாங்கியது.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு விடவில்லை மேடம், நானாகத்தான் வந்திருக்கிறேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஏரியில் நடந்தது விபத்து என்று உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கோப்பைக் கட்டி வைத்துவிட்டார். நல்ல மனுஷன். என் விரல்கள் குளிரில் வெடித்திருந்ததைப் பார்த்துத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். அவரை நான் ஏமாற்றவில்லை. அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். அவர் சினிமாக்காரர் இல்லை, கேட்க வேண்டியது எதுவென்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் படமெடுத்த கதை உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் அதைக் கேட்டுத் தூங்காத குழந்தை உண்டா? இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஆளாளுக்கு ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடுங்குளிரில் ஒரு நரி வாத்தின் குடிசைக்கு வருகிறது. அடுப்பு ஒன்றுதான், வெளியே போனால் இரண்டும் சாகும். ஏரியில் பனி உருகும்வரை உன்னைத் தொடமாட்டேன் என்று நரி வாக்குக் கொடுக்கிறது. குளிர்காலம் முழுக்க இரண்டும் ஒரே அடுப்பங்கரையில் கிடக்கின்றன. பனி விரிசல் விடுகிற சத்தம் கேட்ட அன்று, விடிந்தும் விடியாததுமாக நரி எழுந்து ஏரியின் மேல் நடந்து போய்விடுகிறது. இருந்தால் தின்றுவிடுவோம் என்று அதற்குத் தெரியும். நடு ஏரியில் நின்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறது. அப்புறம் போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை.

அந்த ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதற்காகத்தான் மற்றதெல்லாம். சின்ன வயதில் நான் அழுதது அந்த இடத்தில்தான். நீங்களும் அழுதிருப்பீர்கள். இல்லை என்றால் சொல்லுங்கள், என் நேரத்தை வீணாக்காமல் கிளம்பிவிடுகிறேன்.

என் பெயர் கெஸ்டுதிஸ் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. என் படங்களை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு வண்டை எப்படிப் பொறுக்குவது, பால் கறக்கும் இயந்திரத்தை எப்படிக் கழுவுவது, குழந்தைகள் எப்படிப் பல் தேய்ப்பது. பெரிய படம் தொடங்குவதற்கு முன்னால் ஜனங்கள் இருமிக்கொண்டு உட்கார இடம் தேடுவார்களே, அப்போது ஓடுவது என் படம்தான். தலையில் நரை விழுகிற வரைக்கும் இதையே செய்தேன். போன வருஷம்தான் ஸ்டுடியோவில் இந்தக் கதையை எனக்குக் கொடுத்தார்கள். அதுவும் கேட்டவன் வேறு யாரும் இல்லை என்பதால்.

ஸ்டுடியோ தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எதுக்குப்பா உனக்கு இந்த வம்பு? பொம்மை வெச்சு எடுத்துட்டுப் போயேன். பொம்மை சொன்ன பேச்சு கேக்கும். தீனியும் கேக்காது."

"பொம்மைக்குக் கண்ணு பொத்தான் சார்," என்றேன்.

"குழந்தைங்களுக்கு அது போதும்யா. சரி, உன் இஷ்டம். பனி உருகறதுக்குள்ள முடிச்சுக் குடு. இல்லேன்னா பொம்மைக்காரங்ககிட்ட தூக்கிக் குடுத்துடுவேன், அப்புறம் என்னைச் சொல்லாதே."

நிஜ நரி, நிஜ வாத்து, நிஜப் பனி. நான் கேட்டது இவ்வளவுதான். இதில் பேராசை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நரி மார்ட்சேயுடையது. ரோமத்துக்காக நரி வளர்க்கிற பண்ணையில் கூண்டுகளுக்குத் தீனி போடுகிற வேலை அவளுக்கு. ஈற்றிலேயே சோனியாகப் பிறந்த ஒரு குட்டி, தோலுக்கு விலை போகாது, அடித்துப் போட்டுவிடுவார்கள் என்று தெரிந்து, கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ரூடே என்று பெயர். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. அவளும் அவள் மகள் உக்னேயும் ரூடேயும் ஒரே கட்டிலில்தான் தூங்குவார்கள். புருஷன் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பெண் உக்னே. அவளுக்கு இந்தக் கதை என்றால் உயிர். மார்ட்சே எங்களோடு வந்ததே அதனால்தான். "என் பொண்ணு தியேட்டர்ல உக்காந்து, அது எங்க நரின்னு கத்தணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்று முதல் நாளே சொன்னாள்.

நல்ல பெண்பிள்ளை. வாய்தான் கொஞ்சம் நீளம். என்னை எல்லாரும் சார் என்றார்கள். அவள் மட்டும் டைரக்டரே என்பாள், அதையும் ஒரு இழுப்பு இழுத்துச் சொல்வாள்.

"நரிக்கு நடிக்கல்லாம் வராது டைரக்டரே. அதுக்குப் பசி தெரியும், பயம் தெரியும், என்னைத் தெரியும். இந்த மூணுல எது வேணும்னு சொல்லுங்க, தர்றேன்."

மூன்றையும் கேட்டேன். முதலில் பசி. நரி திரும்பிப் பார்க்க, அதன் முதுகுப்பக்கம் ஈரலைக் காட்டினோம். திரும்பிப் பார்த்தது, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே. கதையே தலைகீழாகிவிட்டது. வாத்தைத் தின்னாமல் வந்துவிட்டோமே என்று வருத்தப்படுகிற நரியாகிவிட்டது. அடுத்தது பயம். தகரத்தைத் தட்டினோம். காதை மடக்கிக்கொண்டு நாணலுக்குள் ஓடியது, அதைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. கடைசியாக மார்ட்சேயைக் கூப்பிடச் சொன்னேன். குரல் கேட்டதுதான் தாமதம், ஓடோடி வந்து அவள் காலடியில் மல்லாந்து படுத்து வாலை ஆட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு நாய்கூட இவ்வளவு கேவலமாகக் குழையாது.

தினமும் இதே கதை. குடிசைக்குள் எடுக்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. வாத்து அடுப்போரம் தூங்குவது, நரி பசியோடு அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது, எல்லாம் அழகாக வந்திருந்தது. அந்த ஒரு ஷாட் மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பகலில் கூரைப் பனி உருகித் தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. அந்தச் சொட்டுச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்கிற மாதிரி இருக்கும். கறுப்பு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் வைக்கோல் கொட்டகையில் அது நடந்தது. பரண் ஏணியிலிருந்து மார்ட்சேக்குக் கால் தவறியது. விழவில்லை, கையால் பிடித்துத் தொங்கினாள், ஆனால் வாய்விட்டு அலறிவிட்டாள். வாசலில் போய்க்கொண்டிருந்த ரூடே நின்றது. திரும்பிப் பார்த்தது.

மேடம், அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? ஓடி வரவும் இல்லை, ஓடிப் போகவும் இல்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. கண்ணில் அவ்வளவும் இருந்தது. நான் எத்தனை வருஷமாகத் தேடினேனோ அது, வைக்கோல் தூசிக்கு நடுவே, என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா பெட்டிக்குள் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தனக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மார்ட்சே வந்து தோளைத் தட்டினாள். "எனக்கு ஒண்ணும் ஆகல டைரக்டரே, நீங்க போய் டீயக் குடிங்க," என்றாள்.

மறுநாளே ஏரிப் பனியின் மேல், கரையை ஒட்டித் தார்ப்பாய் கட்டச் சொன்னேன். காற்றைத் தடுக்க என்று எல்லாரும் நினைத்தார்கள், அதற்கும்தான். கேமராவுக்குப் பின்னால் தார்ப்பாய், அதற்குப் பின்னால் மார்ட்சே. நரிக்கு அவள் தெரியக் கூடாது, குரல் மட்டும் கேட்க வேண்டும். நேற்று அலறின மாதிரியே அலறு என்றேன். அவள் அலறினாள். "ஐயோ, செத்தேன் டைரக்டரே, காப்பாத்துங்க டைரக்டரே," என்று கத்திவிட்டு, பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேமராமேன் ப்ரோனியுஸும் சிரித்தான். ரூடே திரும்பிக்கூடப் பார்க்காமல் தூரத்தில் வைத்திருந்த ஈரலைத் தின்றது.

"நெஜமா கத்துறேனா, சும்மா கத்துறேனான்னு அதுக்குத் தெரியுது. அதை ஏமாத்த முடியாது," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். மறுபடியும் மறுபடியும் எடுத்தோம். கத்தக் கத்த அவளுக்குத் தொண்டை கட்டியதே தவிர நரி அசையவில்லை. எல்லாருக்கும் பழகிப்போய், அவள் காப்பாத்துங்க என்று கத்தினால் தலையைக்கூடத் திருப்பமாட்டார்கள்.

எங்கள் யூனிட்டில் ஒரு சட்டம் உண்டு. நான் போட்டதுதான். ஒருமுறை குடிசைக்குள் வாத்தும் நரியும் தானாகவே மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. வாத்து கடித்துவிடப் போகிறதே என்று சவுண்டுக்காரன் ஓடிப்போய் விலக்கிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான். அன்றைக்கு நான் அவனைப் பேசிய பேச்சு இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அன்றிலிருந்து, நான் கட் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. மார்ட்சே கேட்டாள்: "கூரை இடிஞ்சு தலையில விழுந்தாக்கூடவா?" விழுந்தாலும்தான் என்றேன். "சரிதான். செத்தாலும் டைரக்டர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் சாகணும் போல," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி ஏரி. வலைக்காரர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பனிக்கு அடியில் வலை இறக்க, சாப்பாட்டு மேஜை அகலத்துக்குக் குழி வெட்டுவார்கள். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். குழி மேலே மெல்லிசாக உறையும், அதன் மேல் பனி விழும், பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். அதனால் போகும்போது குழியைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளை நட்டுவிட்டுப் போவார்கள். ஏரிக்கரையில் பிறந்த குழந்தைகூட அந்தக் கிளை தெரிந்தால் சுற்றிப் போகும். எங்கள் இடத்தில் வெட்டிய யூர்கிஸ் என்கிற கிழவர் கிளம்பும்போது என்னிடம் வந்து சொன்னார்: "பூனை நடந்தாத் தாங்கும், நீங்க நடந்தாத் தாங்காது. கிளை நட்டிருக்கேன், அந்தப் பக்கம் போகாதீங்க. உங்க ஆளுங்ககிட்டயும் சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்ல மறந்துவிட்டேன் என்று முன்னாலிருந்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

ஸ்டுடியோவிலிருந்து தந்தி வந்திருந்தது. அந்த வாரத்தோடு சரி, பிறகு பொம்மைக்காரர்கள். நான் விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் ஏரிக்குப் போனேன். அது என் வழக்கம். ஃபிரேமை நடந்து பார்ப்பேன், கண்ணை உறுத்துகிற காலடித் தடம், காகிதம், குச்சி, எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். அப்படித்தான் அந்தக் கிளைகளையும் பிடுங்கினேன். மனிதர் யாரும் இல்லாத கதையில் நட்டுவைத்த கிளை எப்படி வரும்? எந்த டைரக்டராக இருந்தாலும் பிடுங்கியிருப்பார். இதையும் அதிகாரியிடம் சொன்னேன். நியாயம்தான் என்றார்.

பிடுங்கினதைக் கரையில் போட்டு டீக்கு நெருப்பு மூட்டினேன். மார்ட்சே வந்தாள், நரியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையை நெருப்பில் காட்டினாள். "நல்லா எரியுதே. வாசனையா வேற இருக்கு. எங்க பிடிச்சீங்க?" என்றாள். கரையோரம் கிடந்தது என்றேன். இன்றைக்குக் கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது என்றும் சொன்னேன். "கிடைக்கட்டும் டைரக்டரே. உங்க மூஞ்சியப் பாக்கவே பாவமா இருக்கு," என்றாள். அதைக் கேட்டதும் மனசு கொஞ்சம் ஆடியது. உண்மையாகவே ஆடியது. ஆனால் வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது.

தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நிற்காதே, சத்தம் மிகவும் கிட்டத்தில் கேட்கிறது, இன்னும் தள்ளிப் போய் கரையில் தெரிகிற அந்த வளைந்த பிர்ச் மரத்துக்கு நேரே பனி மேல் நின்று கத்து என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள். ப்ரோனியுஸ் கேமராவில் கண்ணை வைத்தான். நரியை விட்டார்கள். பனியின் மேல் அது ஈரலை நோக்கித் தன் பாட்டுக்கு நடந்தது. சின்னச் சின்னக் காலடி, நேர் கோடு. நடு ஏரிக்கு வந்தது.

அப்போது அவள் கத்தினாள்.

ரூடே நின்றது. திரும்பிப் பார்த்தது. முன்னங்காலைத் தூக்கியபடி.

"காப்பாத்துங்க டைரக்டரே," என்று கேட்டது. ப்ரோனியுஸ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னைக்கு என்னமா கத்துறா சார்," என்று முணுமுணுத்தான். சட்டத்தை மீறிவிட்டான், ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவள் ரூடேயைக் கூப்பிட்டாள். பிறகு உக்னேயைக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை அவள் ஒத்திகையில் கத்தியதே இல்லை. சவுண்டுக்காரன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் உள்ளங்கையைக் காட்டினேன். இரு என்று அர்த்தம். அவன் இருந்தான். அவனைக் குறை சொல்லாதீர்கள் மேடம், கட் சொல்லாதவன் நான்.

குரல் நின்ற பிறகும் நரி பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் காலைக் கீழே வைத்தது. திரும்பியது. ஈரல் பக்கம் போகவில்லை, எதிர்க்கரைக் காட்டுக்குள் போய்விட்டது. இன்றுவரை அதை யாரும் பார்க்கவில்லை. கதையில் இருக்கிறபடியே. ரீல் தீர்ந்து கேமரா வெறுமனே சுற்றுகிற சத்தம் கேட்டது. கட் சொன்னேன்.

முதலில் ஓடியவன் நான்தான். ஏணியை இழுத்துக்கொண்டு போய்ப் பனியில் குப்புறப் படுத்து, வெறும் கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவியவன் நான்தான். எல்லாரும் அப்படித்தான் சாட்சி சொல்லியிருப்பார்கள். அது பொய் இல்லை. நிஜமாகவே அவள் பிழைக்க வேண்டும் என்று அப்போது நான் விரும்பினேன்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். மார்ட்சே நின்ற இடம் ஃபிரேமில் வருமா? வராது. கேமராவுக்கு முதுகுப்பக்கம், தார்ப்பாய்க்கும் அப்பால், எப்படி வரும்? அங்கே ஊசியிலைக் கிளை என்ன, ஒரு தேவாலயமே நின்றாலும் படத்தில் விழாது. கிளைகளை நான் ஃபிரேமுக்காகப் பிடுங்கவில்லை. பிர்ச் மரத்துக்கு நேரே போகச் சொன்னதும் சத்தத்துக்காக இல்லை. யூர்கிஸ் சொன்னதை மறக்கவும் இல்லை. எனக்கு நிஜமான அலறல் ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு வேறு வழி இருந்தால் அதைச் செய்திருப்பேன். எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. போன வாரம் தலைநகர் வில்னியுஸில், படங்களுக்கு அனுமதி கொடுக்கிற குழுவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். கடைசி ஷாட் வந்தபோது ஒருத்தர்கூட இருமவில்லை. ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்தார். விளக்குப் போட்டதும் அதே அம்மாதான் சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா குழந்தைங்க பயந்துடும். அந்த நரி பாக்கறதை எடுத்துடுங்க. வாத்து பாடற மாதிரி முடிச்சுடலாம்." எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஸ்டுடியோ தலைவரும் ஆமாம் என்றார். என் கண்ணெதிரேயே கத்தரித்துக் கூடையில் போட்டார்கள். அது எந்தக் கஷ்டத்தில் கிடைத்தது என்று கொஞ்சமாவது யோசித்தார்களா? அதை வெட்ட அவர்களுக்கு எப்படித்தான் மனசு வந்தது?

கூடையிலிருந்து எடுத்துவிட்டேன். இதோ, இந்தத் தகர டப்பாவில் இருக்கிறது, படச்சுருளும் ஒலிநாடாவும். இதைத் தடயம் என்று எழுதிக்கொள்ளுங்கள். தடயத்தை யாரும் வெட்ட முடியாது அல்லவா? வழக்கு நடக்கும்போது நீதிமன்றத்தில் திரை கட்டிப் போட்டுக் காட்டுவீர்கள். பெரிய திரையாகக் கட்டச் சொல்லுங்கள், ஜன்னல்களைச் சாத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு விண்ணப்பம். உக்னேயைக் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அவள் அம்மா ஆசைப்பட்டது அதுதான். சத்தத்தையும் குறைக்காமல் வையுங்கள் மேடம், சத்தம் இல்லாவிட்டால் நரி எதைப் பார்க்கிறது என்று குழந்தைக்குப் புரியாது.